ரோட்டுக்க எரச்சல்

திருவனந்தபுரம் பைபாஸில் முக்கோலா தாண்டியதும் தார் முடிகிறது. அங்கிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட். தேசிய நெடுஞ்சாலை என்ற வகையில் கேரளத்தின் முதல் கான்கிரீட் சாலை.

சாலையின் நிறம் மாறியதைக் கண் பார்ப்பதற்கு முன்பே பாதத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

*

வண்டி 2004 மாடல். சின்ன பெட்ரோல் கார். எஞ்சின் நன்றாக இருக்கிறது.

ஐம்பதைத் தாண்டினால் எஞ்சின் கேட்பதே இல்லை. கேட்பதெல்லாம் டயர்.

எல்லாக் கார்களிலும் அப்படித்தான். ஒரே சீராக ஓடும்போது 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் டயர்ச் சத்தம் எஞ்சினை முந்திவிடும். மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் வாரம் அமைதியைப் பாராட்டுகிறார்கள். கழக்கூட்டம் மேம்பாலத்தில் ஏறிய பிறகு டயரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

*

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. இரண்டு காதிலும் மெஷின்.

வீட்டில் நன்றாகக் கேட்கிறது. டிவி, குக்கர் விசில், பக்கத்து வீட்டு மலையாளம் எல்லாம். காரில் ஏறியதும் இரண்டையும் கழற்றிச் சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள்.

"ரோட்டுக்க எரச்சலுதான் மக்கா கேக்கு. நீ பேசுதது ஒண்ணும் கேக்கல."

கரமனையிலிருந்து சுசீந்திரம் வரை பேச்சு இல்லை.

வண்டிக்குள் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று இறங்கியது இதற்காகத்தான். பாட்டுக் கேட்க அல்ல.

*

அம்மா சொன்னது அப்படியே செவியியல்.

தாழ்ந்த சுருதிச் சத்தம் உயர்ந்த சுருதிச் சத்தத்தை மூடிவிடும். உயர்ந்தது தாழ்ந்ததை அந்த அளவுக்கு மூடாது. பேச்சில் உயிரெழுத்துக்கு வலு அதிகம், இருப்பது கீழே. ச, த, ட போன்ற மெய்களுக்கு வலு குறைவு. அவற்றின் கூர்மை 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயதானால் முதலில் தேய்வதும் அந்த மேல்பகுதிதான்.

டயரும் சாலையும் உரசும் சத்தம் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. அதற்கும் கீழே வண்டியின் தகடுகள் வழியாக வரும் உறுமல்.

மெஷின் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. புது மெஷின்கள் சீரான இரைச்சலைக் கொஞ்சம் அடக்கும். பேச்சும் இரைச்சலும் ஒரே இடத்தில் கிடந்தால் அதுவும் திணறும்.

ஆக்குளத்தில் நிஷ் இருக்கிறது. பேச்சுக்கும் செவிக்குமான நிறுவனம், 1997-இல் தொடங்கியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். செவியைச் சோதிக்கும் அறையைச் சத்தம் புகாமல் கட்டுகிறோம். சோதித்து முடித்தவர்கள் திரும்பிப் போவது பஸ்ஸில், ஆட்டோவில், இப்படியொரு காரில்.

*

முதலில் செய்ததற்குச் செலவே இல்லை. அம்மாவைப் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு மாற்றியது.

பின்சீட்டு பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டிக்கி தனி அறை இல்லை. ஸ்டெப்னி கிடக்கும் குழி ஒரு திறந்த பாத்திரம். அதன் சத்தம் நேரே தலைக்குப் பின்னால்.

ஓட்டுபவன் குரலோ முன்கண்ணாடியைப் பார்த்துப் போகிறது.

பெரியவர்களை மரியாதையாகப் பின்னால் உட்கார வைக்கிறோம். வண்டியிலேயே அதிகச் சத்தம் அங்கேதான்.

*

கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். கதவுக்கு, தரைக்கு, கூரைக்கு என்று ஒட்டும் ஷீட் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டேன். மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குனிந்தார்.

"ஆத்யம் டயர் நோக்காம், சாரே."

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3117 என்றால் 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். பட்டன் மிச்சம் இருந்தது. ரப்பர்தான் போய்விட்டது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை.

பழைய ரப்பர் கெட்டியாகும். கெட்டியான பட்டன் கட்டை சாலையில் அறையும்போது சத்தம் கூடும்.

பிறகு உள்ளங்கையை டயர் மேல் வைத்துத் தேய்த்துக் காட்டினார். ஒரு திசையில் வழுக்குகிறது. எதிர்த் திசையில் ஒவ்வொரு கட்டையும் விரலைப் பிடிக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீல் அலைன்மென்ட் விலகினாலோ சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்தாலோ இப்படித் தேயும். தேய்ந்த டயர் பாடும்.

கையால் தடவிக் கண்டுபிடிக்கும் சத்தம்.

*

டயர் கட்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருக்காது. சுற்றிவர எண்ணி, அளந்து பார்க்கலாம். கொஞ்சம் நீளம், கொஞ்சம் குட்டை, நடுத்தரம் என்று கலைத்துப் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே அளவு என்றால் சத்தம் ஒரே சுருதியில் குவிந்து ஊளையிடும். கலைத்தால் அதே சத்தம் பரவிப்போகிறது. அளவு குறைவதில்லை. காதைக் குத்துவது குறைகிறது.

டயர் சாலையைத் தொடும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி. உள்ளே பிறக்கும் சிறு சத்தம் அந்த வாய் வழியாக வெளியே வரும்போது பெருக்கிறது. நாகஸ்வரத்துக்கு அணசு மாதிரி.

டயருக்குள் அடைந்திருக்கும் காற்றுக்கும் ஒரு சுருதி உண்டு. 13 இஞ்ச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டேன். உள்வெளியின் நடுச்சுற்று சுமார் 1.43 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்தால் 240 ஹெர்ட்ஸ். ஏழு கட்டைச் சுருதிக்குக் கொஞ்சம் கீழே.

பள்ளத்தில் விழும்போது "ணொங்" என்று ஒரு சத்தம் நீள்கிறதே, அது.

விலை கூடிய டயர்களில் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி வருகிறது, இந்த ஒரு சுருதிக்காக.

*

1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். டன்லப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். அன்று கார் கிடையாது. குதிரை வண்டிக்கு.

காப்புரிமையில் மூன்று பயன்களைச் சொல்கிறார். இழுக்கும் பலம் குறையும். ஓட்டம் இலகுவாகும். மூன்றாவது, ஓடும்போது எழும் சத்தம் குறையும்.

சத்தம் முதல் நாளே பட்டியலில் இருந்திருக்கிறது.

*

பாறசாலை தாண்டி இரண்டு பக்கமும் ரப்பர். மழைக்காலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை. பால்வெட்டு விடியற்காலையிலேயே நடக்கும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும்.

கேரளத்தில் முதல் ரப்பர்த் தோட்டம் 1902-இல், பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில். மர்பி என்ற ஐரிஷ்காரரும் கூட்டாளிகளும். ரப்பர் வாரியம் கோட்டயத்தில்.

வண்டிக்கு அடியில் எஞ்சினைத் தாங்குவது, ஆர்மைத் தாங்குவது, சைலன்சரைத் தொங்கவிடுவது எல்லாம் ரப்பர். ஓயாத அதிர்வைத் தாங்கும் இடங்களில் இன்றும் இயற்கை ரப்பரைத்தான் விரும்புகிறார்கள். கதவைச் சுற்றி ஓடும் பீடிங் வேறு, அது செயற்கை. வெயிலையும் ஓசோனையும் அது நன்றாகத் தாங்கும்.

இருபது வருடத்தில் எல்லாமே கெட்டியாகிவிடும். நெய்யாற்றின்கரை மரமும் சரி, ஆலையில் காய்ச்சியதும் சரி.

*

சத்தம் உள்ளே வர இரண்டு வழி.

ஒன்று, இரும்பு வழி. சாலை டயரை உலுக்க, டயர் ஆர்மை உலுக்க, ஆர்ம் தரையை உலுக்க, தரைத்தகடே ஒலிபெருக்கி ஆகிறது. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதில் பெரும்பங்கு இது.

மற்றது காற்று வழி. சந்து, பொந்து, கண்ணாடி, கதவு. மேல் சுருதி எல்லாம் இப்படி.

இரும்பு வழியில் வருவதற்குக் கதவை அடைத்துப் பயனில்லை. காற்று வழியில் வருவதற்கு புஷ் மாற்றிப் பயனில்லை. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே ஷீட்டைக் காட்டுகிறார்கள்.

*

பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழே பிடிக்கிறது. பூட்டுப் பக்கம் பிடிக்கிறது. மேலே, கண்ணாடிச் சட்டத்தின் பின்மூலையில், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது.

அந்த இடத்தில் பீடிங் தட்டையாகிப் பளபளத்திருந்தது.

ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் மிச்சம் தொண்ணூற்றொன்பது பங்கையும் எதனால் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. எளிய கணக்கு. ஆனால் நம்பவே மனம் வராத கணக்கு.

ஸ்டீயரிங் தண்டு போகும் துளை. க்ளட்ச் கேபிள் துளை. யாரோ எப்போதோ ஹார்னுக்கு ஒயர் இழுக்கப் போட்ட துளை, அதில் ரப்பர் வளையம் இல்லை. இருட்டில் உள்ளே உட்கார்ந்து வெளியிலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னால் ஒவ்வொன்றும் தெரிகிறது.

*

கதவின் உள்பலகையைக் கழற்றி வெளித்தகட்டை முட்டியால் தட்டினால் "டங்ங்".

பியூட்டைல் ஷீட் ஒரு துண்டு. ஒரு பக்கம் பிசின், மறுபக்கம் அலுமினியத் தாள். தகட்டின் நடுவில் ஒட்டி உருளையால் அழுத்தியபின் தட்டினால் "டொக்".

முழுத் தகட்டையும் மூடத் தேவையில்லை. கால் பங்கு மூடினாலே அதிர்வு பெரிதும் அடங்கிவிடும். மீதி முக்கால் பங்குக்கும் ஒட்டச் சொல்வது கடைக்காரருக்கு நல்லது. வண்டிக்கு வெறும் கனம்.

ஷீட் சத்தத்தைத் தடுப்பதில்லை. தகடு தானாக அதிர்ந்து பாடுவதை நிறுத்துகிறது. தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். எடையை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 6 டெசிபல். சின்ன வண்டியில் எத்தனை மடங்கு ஏற்ற முடியும்?

*

கார்ப்பெட்டைத் தூக்கினோம்.

கீழே ஃபெல்ட். ஈரம். பிழிந்தால் சொட்டுகிறது. போன இடவப்பாதி மழையா, அதற்கு முந்தையதா தெரியவில்லை. ஃபெல்ட்டுக்கும் கீழே கம்பெனி உருக்கி ஒட்டிய தார்ப்பலகை, குறுக்கும் நெடுக்குமாக விண்டு கிடக்கிறது. ஒரு விண்டலில் ஸ்க்ரூட்ரைவரை நுழைத்ததும் தகட்டோடு பெயர்ந்து வந்தது பழுப்புத் தூள்.

நனைந்த பஞ்சு சத்தத்தை உண்ணாது. உண்ண வேண்டுமென்றால் இழைகளுக்கு இடையில் காற்று இருக்க வேண்டும்.

வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊர். ஒரு பக்கம் கடல். வறண்ட நாட்டுக்காரர்கள் ஒட்டுவதுபோல இங்கே தரை முழுக்க ஒட்டிவிட்டால் அடியில் தங்கும் நீர் எங்கே போகும்? தரையில் வடிகால் துளைகளுக்கு ரப்பர் மூடி இருக்கிறது. அவற்றின் மேல் ஷீட் போகக்கூடாது. இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் காயவைத்தல். பிறகு துரு எடுத்தல். பிறகு பெயின்ட். ஷீட் அதற்குப் பிறகு. மேலே போடுவது நீர் குடிக்காத, கண்ணறை மூடிய ஃபோம்.

*

தென்னை நார் நினைவுக்கு வந்தது. பழைய ஜெர்மன் கார்களின் சீட்டுக்குள் ரப்பர்ப் பால் தெளித்து அழுத்திய நார் இருக்கும். நார் சத்தத்தையும் நன்றாக உண்ணும், முக்கியமாக மேல் சுருதியை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நார் மெத்தைத் துண்டு கிடைத்தது. தரைக்கு வேண்டாம். டிக்கியில், சக்கர வளைவுக்கும் உள்பலகைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் திணித்தேன். அங்கே நீர் வராது.

தெளித்த பால் எந்தத் தோட்டத்துடையதோ.

*

போனில் டெசிபல் காட்டும் செயலி. பைபாஸில் 80-இல், வேலைக்கு முன் 73. வேலைக்குப் பின் 71.

இரண்டே இரண்டு.

ஆனால் கழுத்து தளர்ந்திருந்தது. நாகர்கோவில் போய் இறங்கும்போது இருக்கும் அந்த அயர்ச்சி இல்லை.

செயலி காட்டுவது ஏ எடையிட்ட டெசிபல். அந்தக் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் சத்தத்திலிருந்து 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். மெல்லிய சத்தத்துக்குக் காது அப்படி நடந்துகொள்கிறது என்பதால் அந்த ஏற்பாடு. கீழ் உறுமல் எவ்வளவு குறைந்தாலும் எண் அவ்வளவாக அசையாது.

எடையிடாமல் அளந்தபோது வித்தியாசம் பெரிதாக இருந்தது.

*

கான்கிரீட்டில் பலகைக்குப் பலகை ஒரு கோடு. வழக்கமான இடைவெளி 4.5 மீட்டர். 80-இல் போனால் நொடிக்கு ஐந்து தட்டு. நாற்பதில் இரண்டரை.

தட்டுக்கு நடுவே ஒரு மெல்லிய ஊளை. ஈரக் கான்கிரீட்டின் மேல் குறுக்காகக் கீறி விடுவார்கள், மழையில் டயர் வழுக்காமல் இருக்க. அந்தக் கீறல்கள் குறுக்கே சீரான இடைவெளியில் இருந்தால் ஊளை. நீளவாக்கில் கீறினால் குறைவு.

நெதர்லாந்தில் நெடுஞ்சாலைகளுக்கு நுண்துளை உள்ள தார்க்கலவை போடுகிறார்கள். நீர் உள்ளே இறங்கிவிடும், சத்தமும் இறங்கிவிடும். துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் இரண்டும் போச்சு.

நம் செம்மண்ணில்?

*

பழைய ரோடு. களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம். நெரிசல். முப்பதுக்கு மேல் போக வழியில்லை.

முப்பதில் டயர் கிட்டத்தட்ட ஊமை.

இதே ரோட்டில்தான் நவராத்திரிக்கு முன்னால் சாமிகள் வருகிறார்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, யானை மேல். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறை. அடுத்த இரவு நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

சரஸ்வதியை வைப்பது கோட்டைக்குள், நவராத்திரி மண்டபத்தில். கூரையில் மண்பானைகள் தலைகீழாகத் தொங்கும், ஒலிக்காக. வாய் குறுகி வயிறு பெருத்த வெற்றிடம் எதுவானாலும் அதற்கென்று ஒரு சுருதி இருக்கும். அந்தச் சுருதி வந்தால் அது எதிர்வினை செய்யும்.

2006 வரை அங்கே பெண்கள் பாடியதில்லை. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.

*

பானட்டுக்குள், ஏர் ஃபில்டர் குழாயிலிருந்து கிளை பிரிந்து ஒரு காலிப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே எதுவும் இல்லை. போவதும் வருவதும் ஒரே வாய். ரெசொனேட்டர். காற்று இழுக்கும் சத்தத்தில் ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தின்பதற்காக அளந்து வைத்தது.

என் வண்டியில் டப்பா இல்லை. வாயில் துணி சுற்றி டேப் ஒட்டியிருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் எடுத்திருக்கலாம். பழைய சாமான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

*

புது டயர் போட்டபின் காற்று 40 அடித்துக் கொடுத்தார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஸ்டிக்கர், 30 என்கிறது. அழுத்தம் கூடினால் ஒவ்வொரு கல்லையும் வண்டி அப்படியே உள்ளே சொல்லும். இறக்கினேன்.

இதுவரை செய்ததில் அதிக மாற்றம் தந்தது டயர். அடுத்து அந்தக் கண்ணாடிச் சட்ட மூலையின் பீடிங். மூன்றாவது ஆர்ம் புஷ். ஷீட் நான்காவது. கடையில் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

*

அம்மா முன்சீட்டில். மெஷின் இரண்டும் காதில். பாலராமபுரம் தாண்டும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"இந்த நெசவுக்காரங்க தறிச் சத்தம் முன்ன ரோடு வர கேக்கும். இப்போ கேக்கலியே?"

கண்ணாடியை இறக்கினேன். பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்னும்.

"கண்ணாடிய ஏத்து மக்கா. நீ சொல்லு."

தறிகள் குறைந்துபோனதைப் பற்றிச் சொன்னேன். பதிலுக்குக் கேள்வி வந்தது. அதற்குப் பதில். நெய்யாற்றின்கரை வரை ஓடியது. கான்கிரீட் வழியில் இப்படிப் பேச முடியுமா என்று இன்னும் பார்க்கவில்லை.

*

ஒரு முனகல் மிச்சம் இருக்கிறது. அறுபதில் தொடங்குகிறது. டயர் மாற்றிய பிறகும் போகவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் நிற்கவில்லை. ஆகவே எஞ்சினும் இல்லை, டயரும் இல்லை.

வலப்பக்கம் வளைத்தால் கூடுகிறது. இடப்பக்கம் வளைத்தால் குறைகிறது. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் ஏறுவது இடது சக்கரத்தில்.

இடது பேரிங். முன்னா பின்னா என்று ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் சுருளைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் பேரிங் போயிருந்தால் சுருள் கம்பியில் சொரசொரப்பு தெரியும் என்கிறார் மெக்கானிக். திங்கட்கிழமை காலை வரச் சொன்னார். துலாவர்ஷ மழை தொடங்குவதற்குள் டிக்கிக் கதவு பீடிங்கும் வாங்கிவிட வேண்டும்.